மாத்திரை நேரத்தை முதலில் பார்: மூளைப் புற்றுநோய் வந்த வீட்டுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தங்கைக்கு,

மூளைக் கட்டிக்கான அறுவை முடிந்து, பயாப்சி என்ற திசுச் சோதனையின் முடிவும் கைக்கு வந்து, அவரை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டாய். பார்க்க வருகிறவர்கள் எல்லாம் "தைரியமாக இரு" என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். உனக்கு இப்போது வேண்டியது ஒரு நோட்டும் பேனாவும்.

வீட்டில் சீக்கிரமே ஒரு பேச்சு எழும்: "ஆளே மாறிட்டார்." எரிந்து விழுகிறார், ராத்திரி தூங்குவதில்லை, நாற்காலியை விட்டு எழுவதில்லை. எல்லாப் பழியையும் கட்டியின் மேல் போடத் தோன்றும். ஆனால் காரணம் மாத்திரைப் பெட்டிக்குள்ளும் இருக்கலாம், அதில் பலவற்றைச் சரிசெய்யவும் முடியும். அதனால் நோட்டில் தினமும் எழுது: எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் தூங்கினார், என்ன நடந்தது, எப்போது நடந்தது.

முதல் சந்தேகம் டெக்சாமெத்தசோன் மீது. மூளை வீக்கத்தை வடிக்கும் ஸ்டீராய்டு இது. காலையில் சாப்பிட்டபின் கொடு. இரண்டு வேளை என்றால், இரண்டாவதை மதியத்தோடு முடித்துக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேள். மாலையில் போட்டால் தூக்கம் போய்விடும். பசி அடங்காது, சர்க்கரை நோயே இல்லாதவருக்கும் சர்க்கரை ஏறலாம். அளவுக்கு மீறிய தாகமும் அடிக்கடி சிறுநீரும் அதற்கு அடையாளம். சில வாரம் போனால் தொடைத் தசை இளைத்து, தாழ்வான இருக்கையிலிருந்து எழ முடியாமல் திணறலாம். நோய் முற்றிவிட்டதோ என்று வீடே பயப்படுவது இங்கேதான். இரண்டு தொடையும் ஒரேபோல் தளர்ந்து, கைப்பிடி உறுதியாக இருந்தால் பெரும்பாலும் ஸ்டீராய்டின் வேலை. ஒரு பக்கக் கையும் காலும் மட்டும் தளர்ந்தால் அன்றே மருத்துவமனைக்குச் சொல். இத்தனை தொல்லை கொடுக்கிறதே என்று நீயாக அதை நிறுத்திவிடாதே. உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டைச் சுரப்பதைக் குறைத்திருக்கும். திடீரென நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து மயங்கலாம், வீக்கமும் திரும்பும். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

அடுத்தது வலிப்பு மாத்திரை. லெவெடிரசெட்டம் என்றால், எரிச்சலும் கோபமும் அதன் தெரிந்த பக்கவிளைவு. தொடங்கிய தேதியையும் கோபம் தொடங்கிய தேதியையும் நோட்டில் ஒப்பிட்டுப் பார். பொருந்தினால் மருத்துவரிடம் காட்டு. அளவை மாற்றலாம், வேறு மருந்துக்கும் போகலாம். வழக்கமாக 12 மணி நேர இடைவெளி, அதைத் தவறவிடாதே. வேளை தப்பிய மாத்திரை, தூக்கக் குறைவு, காய்ச்சல், மது ஆகியவை வலிப்பைக் கூப்பிடும்.

வலிப்பு வந்தால் ஒருபக்கமாகத் திருப்பிப் படுக்க வை, தலைக்கடியில் மெத்தென்று ஏதாவது கொடு, கடிகாரத்தைப் பார். வாயில் கரண்டி, துணி, தண்ணீர் எதுவும் கூடாது. கைகால்களை அழுத்திப் பிடிக்கவும் கூடாது. 5 நிமிடம் தாண்டினாலும், நினைவு திரும்புமுன் அடுத்தது வந்தாலும் ஆம்புலன்ஸ்தான். சின்ன வலிப்பு யார் கண்ணிலும் படாது: ஒரு கை மட்டும் துடிக்கும், பேச்சின் நடுவே சொல் வராமல் நிற்பார், இல்லாத வாசனை அடிக்கும். இவையும் நோட்டில் ஏற வேண்டும். குளியலறைக் கதவைத் தாழிடாமல் சாத்தினால் போதும். ஏணியும் நீச்சலும் வேண்டாம். மருத்துவரும் சட்டமும் அனுமதிக்கும்வரை வண்டிச் சாவி அவர் கைக்குப் போகக் கூடாது. இதில் சண்டை வரும், வரட்டும்.

டெமோசோலமைடு என்ற புற்றுநோய் மாத்திரை (கீமோ) கொடுத்தால்: வெறும் வயிற்றில், வாந்தித் தடுப்பு மாத்திரை போட்டு அரைமணி நேரமாவது கழித்து, கேப்ஸ்யூலைப் பிரிக்காமல். வாந்தி எடுத்தாலும் அன்று மறுபடி கொடுக்காதே. வாந்தித் தடுப்பு மாத்திரையான ஆன்டன்செட்ரான் மலச்சிக்கல் தரும், அதற்கும் முதலிலேயே மருந்து கேட்டு வை. காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் விடியட்டும் என்று காத்திருக்காதே, கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்கள் இந்த மருந்தால் குறைந்திருக்கலாம். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ அதுவும் அவசரம்தான். மூளைக் கட்டி உள்ளவர்களுக்கு ரத்தம் உறையும் அபாயம் அதிகம்.

கதிர்வீச்சுச் சோர்வு, சிகிச்சை முடிந்த ஓரிரு வாரத்தில்தான் உச்சத்துக்குப் போகும். "இப்போது எல்லாம் முடிந்துவிட்டதே" என்று வேலை சொல்லாதே. கடினமானதைக் காலையில் வை, மதியத் தூக்கம் அரைமணியோடு போதும். பிறகு எடுக்கும் முதல் எம்.ஆர்.ஐ.யில் கட்டி பெரிதானதுபோல் தெரியலாம். கதிர்வீச்சு முடிந்த மூன்று மாதத்துக்குள் அது சிகிச்சையின் வீக்கமாகவும் இருக்கக்கூடும். சில வாரம் விட்டு மறுபடி எடுக்கச் சொன்னால், மருத்துவருக்குத் தெரியவில்லை என்று நினைத்துவிடாதே.

மாத்திரையால் வராதவையும் உண்டு. வலது மூளையில் கட்டி என்றால், தட்டின் இடதுபக்கச் சோறு அப்படியே கிடக்கலாம், கதவின் இடது நிலையில் தோள் இடிக்கலாம். பார்வை இருந்தும் அந்தப் பக்கம் அவர் கவனத்தில் இல்லை. படிக்கும் பக்கத்தின் இடது ஓரத்தில் சிவப்பு நாடா ஒட்டு. அது கண்ணில் படும்வரை திரும்பிப் பார்க்கப் பழகட்டும். பேச்சு திக்கினால் ஆமாம், இல்லை என்று பதில் வரும்படி கேள். கேட்டபின் பத்து வினாடி சும்மா இரு. டிவியை அணைத்துவிடு, ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பேசுங்கள். மூளையின் முன்பகுதியில் கட்டி என்றால் தானாக எதையும் தொடங்காமல் இருக்கலாம். சோம்பல் என்பார்கள், அதைக் காதில் வாங்காதே. "குளிக்கிறீங்களா?" என்று கேட்டால் உட்கார்ந்தே இருப்பார், துண்டைக் கையில் கொடுத்துக் கூடவே எழுந்தால் வந்துவிடுவார்.

வங்கிக் கையெழுத்து, காப்பீடு, பாஸ்வேர்டு, இந்த வேலைகளைத் தள்ளிப்போடாதே. அவர் தெளிவாக இருக்கும் ஒரு காலையில் முடித்துவிடு. எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்பதையும் அவரையே கேட்டு, அவர் சொன்னபடியே எழுதிக் கையெழுத்து வாங்கிவை.

அன்புடன்,
அக்கா