மணிக்கு, குதிரைகள் விஷயமாக

அன்புள்ள மணி,

உன் கடிதத்துக்குப் பதில் போடாமலே மழைக்காலம் போய்விட்டது. திட்டுவதை நேரில் வைத்துக்கொள். கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கமலா சௌக்கியம். சேதுவுக்கு மறுபடியும் அந்த யோசனை வந்திருக்கிறது. எழுத்தில் வேண்டாம், சாட்சியாகிவிடும்.

கொஞ்ச நாள் படிக்காதீர்கள் என்ற டாக்டர், படம் பார்க்காதீர்கள் என்று சொல்லவில்லை. 1930களில் ஹாலிவுட்டின் சின்னக் கம்பெனிகள் எடுத்துத் தள்ளிய கௌபாய் படங்களாகப் பார்த்துத் தீர்க்கிறேன். ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம்தான். சிரிக்காதே, காமிக்ஸ் கௌபாய் டெக்ஸ் வில்லருக்காகப் பட்டினி கிடந்தவன் நீ.

நம் ஜான் வேய்ன் 1930இல் 'தி பிக் டிரெயில்' என்ற பிரம்மாண்டப் படத்தில் கதாநாயகன். படம் படுத்துவிட்டது. 1939இல் 'ஸ்டேஜ்கோச்' வந்து தூக்கிவிடும்வரை பெரும்பாலும் இந்தச் சில்லறைப் படங்களில்தான் காலம் தள்ளினார். 1933இல் வந்த ஒன்றில் பாட்டு வேறு! இரவல் குரலில் பாடிக்கொண்டே துப்பாக்கிச் சண்டைக்கு நடந்து வருகிறார். எதிரி ஏன் முதல் வரியிலேயே சுடவில்லையோ.

அதே சமயத்தில் வார்னர் கம்பெனி அவரை வைத்து எடுத்த படங்களில் இன்னொரு கூத்து. கென் மேனார்டு நடித்த பழைய மௌனப் படங்களின் துரத்தல் காட்சிகளை அப்படியே வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். பொருந்த வேண்டுமே, வேய்னுக்கும் மேனார்டு மாதிரியே உடுப்பு, வெள்ளைக் குதிரை. தூரத்தில் பறப்பவர் மேனார்டு, கிட்டத்தில் வந்து இறங்குபவர் வேய்ன். இதைக் கண்டுபிடிக்கிற சந்தோஷத்தில் கதையையே விட்டுவிட்டேன்.

வினை அப்புறம்தான் வந்தது. பாய்ந்து வரும் குதிரை திடீரென்று குப்புற விழுகிறதே, எப்படி என்று விசாரித்தேன். முன்னங்கால்களில் கம்பி கட்டி, வயிற்றுப்பட்டை வளையம் வழியாக விட்டு, மறுமுனையைத் தரையில் அடித்த முளையில் கட்டிவிடுவார்களாம். கம்பியின் நீளம் தீர்ந்ததும் கால் இரண்டும் பின்னால் இழுபடும். 'ரன்னிங் டபிள்யூ' என்று பெயர். மேலே இருப்பவனுக்கு எங்கே விழப்போகிறோம் என்று தெரியும். குதிரைக்குத் தெரியாது.

யாக்கிமா கனட் என்ற ஸ்டண்ட்காரர் இதில் கெட்டிக்காரர். வேய்னுக்காக எத்தனையோ தடவை விழுந்தவர். முகத்தில் படாமல் குத்துவிட்டு, கேமரா கோணத்தில் பட்டதாகக் காட்டும் வித்தையை வேய்னோடு சேர்ந்து தேற்றியவரும் அவர்தான். மனிதன் தாடைக்கு அவ்வளவு யோசித்திருக்கிறார்கள் பார். குதிரைகளுக்காக ஒரு சங்கம் ஹாலிவுட்டில் அலுவலகம் போட்டுக் கண்காணிக்க 1940 ஆகிவிட்டது. அதுவும் 'ஜெஸ்ஸி ஜேம்ஸ்' படத்துக்காகப் பாறை உச்சியிலிருந்து குதிரையைத் தண்ணீரில் தள்ளிக் கொன்ற பிறகு.

இப்போது யாராவது குதிரையைத் தட்டிவிட்டாலே ரிமோட்டைத் தேடுகிறேன். ஒரே ஆறுதல் அந்த வெட்டி ஒட்டுகிற கஞ்சத்தனம்தான். பழைய ரீலையே திரும்பத் திரும்ப ஓட்டினால், ஒரு குதிரை ஒரு தடவை விழுந்தால் போதும், நாலு படம் தேறும். தயாரிப்பாளர் மிச்சம் பிடித்தது காசு, பிழைத்தது குதிரை. பெரிய பட்ஜெட் படங்களுக்கு அந்தத் தரித்திரம் இல்லாமல் போனதுதான் கஷ்டம்.

இதைக் கமலாவிடம் சொன்னால், "மாத்திரை போட்டீங்களா?" என்கிறாள். உனக்கும் அப்படித்தான் தோன்றும், இருந்தாலும் எழுது. பொங்கலுக்கு வருகிறாயா இல்லையா என்பதை ஒழுங்காகச் சொல். போன தடவை மாதிரி சேது வழியாகச் சொல்லி அனுப்பாதே.

உன்,
ராமு