புகார்: சூடு தாங்காத சிர்கோனியா சீல் வளையங்கள்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூர் செனோக்கோவில் உள்ள எங்கள் உணவுத் தொழிற்கூடத்தின் சுடுநீர்ப் பம்ப்களுக்கு உங்களிடம் வாங்கிய சிர்கோனியா சீல் வளையங்கள், அதாவது சுழலும் தண்டருகே நீர் கசியாமல் தடுக்கும் செராமிக் வளையங்கள், ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. இதே பம்ப்களில் முன்பு இருந்த சிலிக்கன் கார்பைடு வளையங்கள் ஆண்டுக்கணக்கில் ஓடின. "தண்ணீரில் மணல் இருக்கும், உங்கள் பராமரிப்பு சரியில்லை" என்று உங்கள் பொறியாளர் தொலைபேசியிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். வளையத்தைப் பார்க்கக்கூட வரவில்லை.

பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். மணல் உரசினால் சுழலும் போக்கிலேயே வட்ட வட்டமாகக் கீறல் விழும். இதில் அப்படி ஒன்றும் இல்லை. உள்விளிம்பிலிருந்து வெளிவிளிம்பு வரை குறுக்கே மயிரிழை விரிசல்கள் ஓடுகின்றன. அவற்றின் ஓரங்களில் சில்லுகள் பெயர்ந்து, எதிரே இருக்கும் கார்பன் வளையத்தை அரம்போல் ராவித் தள்ளியிருக்கின்றன. இது உராய்வுச் சூட்டின் வேலை.

எங்கள் மோட்டார் நிமிடத்துக்கு 2,900 சுற்று ஓடுகிறது. 30 மில்லிமீட்டர் விட்டமுள்ள சீல் முகத்தில், அதாவது இரு வளையங்களும் உரசும் பரப்பில், அது நொடிக்கு ஏறத்தாழ நாலரை மீட்டர் வேகம். அங்கே பிறக்கும் சூடு எங்கே போகும்? வாட்/மீட்டர்-கெல்வின் கணக்கில் சிலிக்கன் கார்பைடின் வெப்பக் கடத்துதிறன் 100க்கு மேல். சாதாரண அலுமினா செராமிக்குக்கே 25 முதல் 30. சிர்கோனியாவுக்கு வெறும் 2, 3தான். உள்ளே இறங்க வழியில்லாமல் சூடு மேற்பரப்பிலேயே தேங்கிவிடுகிறது. எங்கள் தண்ணீரே 80 டிகிரி. முகங்களுக்கு நடுவே உள்ள மெல்லிய நீர்ப்படலம் ஆவியாக இன்னும் கொஞ்சம் சூடு போதும். படலம் போனால் உராய்வு கூடும், சூடு மேலும் ஏறும். பிறகு தண்ணீர் வந்து பட்டதும் மேல்பரப்பு சட்டென்று சுருங்கி விரிசல் விடும்.

"செராமிக்கிலேயே முறியாதது சிர்கோனியாதான்" என்று சொல்லித்தான் உங்கள் விற்பனையாளர் இதைக் கூடுதல் விலைக்கு எங்கள் தலையில் கட்டினார். அறை வெப்பத்தில் அது பெருமளவு உண்மைதான், மறுக்கவில்லை. விரிசல் முனையில் படிக அமைப்பு மாறி, பருத்து, விரிசலை நெருக்கிப் பிடிப்பதால் வரும் உறுதி அது. சூடு ஏற ஏற அந்தக் குணம் மங்கிவிடும். போதாக்குறைக்கு, சுடுநீரில் நாள்பட இருந்தால் அதே மாற்றம் மேற்பரப்பில் தானாகவே நடந்து நுண்விரிசல்களை உண்டாக்கும். சுடுநீர்ப் பம்ப் என்று ஆர்டர் தாளிலேயே எழுதிக் கொடுத்திருந்தோம். அதை யாராவது படித்தார்களா?

முழுத் தொகையைத் திருப்பித் தாருங்கள். இல்லையென்றால் சிலிக்கன் கார்பைடு வளையங்களையும், வீணான கார்பன் வளையங்களுக்குப் புதியவற்றையும் உங்கள் செலவில் கொடுங்கள். அடுத்த ஆர்டருக்குத் தள்ளுபடி என்ற பேச்சு வேண்டாம். பழைய வளையங்களை எடுத்து வைத்திருக்கிறோம். உங்கள் பொறியாளர் ஒரு லென்ஸோடு வரட்டும். வாங்குபவர் சொன்ன பயன்பாட்டுக்குப் பொருள் ஏற்றதாக இருக்க வேண்டும் என்பது பொருள் விற்பனைச் சட்டத்திலேயே இருக்கிறது. 14 நாள்களுக்குள் எழுத்துமூலம் பதில் வராவிட்டால் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் மனுச் செய்வோம். தொகை அதன் 20,000 வெள்ளி வரம்புக்குள்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
பராமரிப்புப் பொறுப்பாளர்