வில்லாளி மீனின் குறி பழகி வருவது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் சிறுவர் பகுதியில், நீரைப் பீய்ச்சிப் பூச்சிகளை வீழ்த்தும் வில்லாளி மீனைப் பற்றி அண்மையில் வந்த குறிப்பை மகிழ்ச்சியுடன் படித்தேன். ஆயினும், அம்மீன் பிறவியிலேயே குறி தவறாதது என்றும், வாயில் நிரப்பிய நீரை முழு வேகத்தில் உமிழ்வதே அதன் திறமை என்றும் அதில் கூறப்பட்டிருப்பது ஆய்வுகள் கண்டறிந்ததற்கு மாறாக இருக்கிறது. பிள்ளைகள் படித்து மனத்தில் பதித்துக்கொள்ளும் பகுதி என்பதால் இதை எழுதுகிறேன்.

சுந்தரவனம் முதல் ஆஸ்திரேலியாவின் வடகரை வரை அலையாத்திக் காடுகளிலும் கழிமுகங்களிலும் வாழும் இம்மீன், மேலண்ணத்தில் உள்ள நீண்ட பள்ளத்தின்மீது நாக்கை அழுத்திக் குழல் போலாக்கி, செவுள்மூடிகளைச் சட்டென இறுக்கி நீரைப் பீய்ச்சுகிறது. ஒரு மீட்டருக்கு மேல் உயரத்தில் இலையில் அமர்ந்திருக்கும் பூச்சியும் அந்த அடியில் விழுந்துவிடுகிறது. இவ்வளவு வலிமை வேகத்தால் மட்டும் வருவதன்று. 2012இல் இத்தாலிய ஆய்வாளர்கள் அதிவேகக் கேமராவில் பதிவு செய்து பார்த்தபோது, தாரையின் பின்பகுதி முன்பகுதியைவிட விரைந்து சென்று, பூச்சியை எட்டும் தறுவாயில் அந்த முன்பகுதியுடன் சேர்ந்து ஒரே திரளாக மோதுவது தெரிந்தது. அதனால் மீனின் தசைகள் நேரடியாகத் தரக்கூடிய திறனையும் விஞ்சி அடி விழுகிறது. இரை நிற்கும் தூரத்துக்கு ஏற்ப வாயைத் திறந்து மூடும் கால அளவை மாற்றி, நீர் எங்கே திரள வேண்டும் என்பதையே அம்மீன் கட்டுப்படுத்துகிறது என்பதை ஜெர்மனியின் பேராய்த் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெக்கி கெருலிஸும் ஸ்டெஃபான் ஷூஸ்டரும் 2014இல் காட்டினர்.

ஒளிவிலகலால் நீருக்குள்ளிருந்து பார்க்கையில் பூச்சி உண்மையான இடத்தில் தெரிவதில்லை. இந்தச் சிக்கலைத் தவிர்க்கவே மீன் நேர்கீழே நின்று அடிக்கிறது என்று முன்பு கருதினார்கள். பல கோணங்களிலிருந்தும் அது பிழையைத் திருத்திக் குறிவைக்கிறது என்பதை லாரன்ஸ் டில் என்ற ஆய்வாளர் 1977இலேயே எழுதிவிட்டார்.

பிள்ளைகளுக்கு முதன்மையாகச் சொல்ல வேண்டியதாக நான் கருதுவது, ஷூஸ்டர் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வைத்தான். வேகமாக நகரும் இலக்குகளை இம்மீன்கள் தொடக்கத்தில் தவறவிட்டன. பழகப் பழகவே குறி கூடிவந்தது. அதைவிட வியப்பு, பழகிய மீன் அடிப்பதைக் கூட்டத்தில் இருந்து பார்த்துக்கொண்டு மட்டும் இருந்த மீன்கள், நகரும் இலக்கை அதுவரை அடித்தே அறியாதவை, தம் முறை வந்தபோது சரியாக அடித்தன. ஒரு மீன் மற்றொன்றைப் பார்த்துக் கற்கிறது என்ற இச்செய்தியை விட்டுவிட்டு, எல்லாம் பிறவிக்குணம் என்று முடித்துவிடுவது அந்த உயிரினத்துக்கும் படிக்கும் பிள்ளைக்கும் நியாயமாகாது.

எனவே, வரும் இதழ்களில் ஒன்றில் திருத்தமான விளக்கத்தை, நீர்த்தாரை திரளும் விதத்தைக் காட்டும் எளிய படத்துடன் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்,
நாகர்கோவில்.