“சிகிச்சை இல்லை” என்று எழுதியது பற்றி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு தங்கள் மருத்துவப் பக்கத்தில், போர் போன்ற கொடிய அனுபவங்களின் பின் மனதில் தங்கிவிடும் மனவடு நோய் (PTSD) பற்றி வந்த கட்டுரை, “இந்நோய்க்கு நிரூபிக்கப்பட்ட சிகிச்சை எதுவுமில்லை என்பதை அமெரிக்காவின் முடிவு உறுதிசெய்துவிட்டது, காலமே இதற்கு மருந்து” என்ற வாக்கியத்துடன் முடிந்திருந்தது. அந்தப் பந்தியை என் தம்பி கத்தரித்துத் தன் கிளினிக் கொப்பிக்குள் மடித்து வைத்திருந்ததைச் செவ்வாய்க்கிழமை கண்டேன். “அப்ப அக்கா, அங்க போயிருந்து நான் சொன்னதெல்லாம் சும்மாவோ?” என்று கேட்டான். அதற்குப் பதில் சொல்லவேண்டிய கடமை என்னைவிடத் தங்களுக்கே உண்டு என்று எனக்குப் பட்டதால் இதை எழுதுகிறேன்.

அமெரிக்காவின் முடிவு எதைப் பற்றியது என்பது தாங்கள் அறியாததல்ல. 2024 ஆகஸ்ட் 9ஆம் திகதி அந்நாட்டின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம், எம்.டி.எம்.ஏ. என்னும் மருந்தை உளச்சிகிச்சையோடு சேர்த்துக் கொடுக்கும் முறைக்கு அனுமதி மறுத்து, பலரிடம் செய்து பார்க்கும் மூன்றாங்கட்டப் பரிசோதனை இன்னுமொன்று வேண்டும் என்று கேட்டது. தமக்குக் கிடைத்தது மருந்தா, ஒப்பிடுவதற்காகக் கொடுக்கும் மருந்தில்லாத வெற்றுக் குளிகையா என்பதைப் பங்குபற்றியவர்களில் பெரும்பாலோர் தம் உடலில் ஏற்பட்ட மாற்றத்தைக்கொண்டே ஊகித்துவிட்டனர் என்பதால், பெறுபேறுகளை எவ்வளவு தூரம் நம்பலாம் என்ற கேள்வி அவ்வாண்டு ஜூன் மாதம் கூடிய ஆலோசனைக் குழுவிலேயே எழுந்திருந்தது. ஒரு புதிய மருந்துக்குரிய சான்று போதாது என்பதே அந்த முடிவின் பொருள். நோய்க்கே சிகிச்சையில்லை என்று அங்கே எவரும் சொல்லவில்லை.

தங்கள் கட்டுரையாளர் 2023இல் வெளியான பரிசோதனையைக் குறிப்பிட்டு, மருந்து பெற்றவர்களில் 71 வீதமானோர் இறுதியில் நோயின் வரையறைக்குள் அடங்காத நிலைக்குத் தேறினர் என்று எழுதியிருக்கிறார். அதே பரிசோதனையில் வெற்றுக் குளிகையுடன் அதே உளச்சிகிச்சையைப் பெற்றவர்களிலும் ஏறத்தாழ 48 வீதமானோர் அந்நிலையை அடைந்தார்கள் என்பதை விட்டுவிட்டார். எனக்கு அந்த இரண்டாவது எண்தான் பெரிதாகத் தெரிகிறது. காலத்தோடு தாமாகத் தேறியவர்களும் அவர்களுக்குள் இருந்திருக்கலாம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் பல ஆண்டுகள் இந்நோயோடு வாழ்ந்தவர்களுள் பாதிப்பேர் சில மாதங்களில் தேறியிருக்க, சிகிச்சையே இல்லை என்று அந்த ஆய்வை வைத்துக்கொண்டு எப்படி எழுத முடிந்தது?

காலமே மருந்து என்பதை என் வீட்டில் பதினொரு ஆண்டுகள் பரிசோதித்துப் பார்த்துவிட்டோம். 2009 மே மாதம் வன்னியிலிருந்து முகாமுக்கு வந்து சேர்ந்த தம்பி, 2020 வரை ஒரு முழு இரவும் உறங்கியதில்லை. கோயில் திருவிழாவில் வெடி கொளுத்தினால் கட்டிலுக்குக் கீழே போய்விடுவான். நாற்பது வயது மனிதனை அங்கிருந்து கைபிடித்து வெளியே எடுத்தது நான். ஒரு தனியார் வைத்தியரிடம் வாங்கிய, பதற்றத்தை அடக்கும் டயஸிபாம் குளிகையில்தான் அந்த ஆண்டுகள் கழிந்தன. இந்நோய்க்கு அவ்வகைக் குளிகைகளைக் கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்கப் படைவீரர் மருத்துவத்துறையின் வழிகாட்டி வெளிப்படையாகச் சொல்வதைப் பின்னாளில்தான் அறிந்துகொண்டேன். எங்களுக்கு அதை எவரும் தமிழில் எழுதிச் சொல்லவில்லை.

பிறகு அரச வைத்தியசாலை ஒன்றின் உளவளத்துணையாளர் ஒருவர் அவனை ஏற்றார். முதல்நாள் தரையில் ஒரு கயிற்றை விரித்து, பிறந்ததிலிருந்து அன்றுவரை நடந்தவற்றுள் நல்லவற்றுக்குப் பூவும் கொடியவற்றுக்குக் கல்லும் வைக்கச் சொன்னாராம். அதன்பின் வாரம் ஒருமுறை, வாழ்க்கையை வரிசைப்படி சொல்லிக்கொண்டு வந்து, ஒவ்வொரு கல்லிடத்தும் நின்று, கண்டது, கேட்டது, மணத்தது, உடல் நடுங்கியது என அனைத்தையும் ஒன்றும் விடாமல் சொல்ல வைத்து, அது எந்த ஊரில் எந்த நாளில் நடந்து முடிந்தது என்பதை அவர் எழுதி வாசித்துக் காட்டினார். முதல் மூன்று வாரங்கள் அவன் முன்னையிலும் மோசமாக இருந்தான். நிறுத்திவிடலாம் என்று நானே சொன்னேன். ஒன்பதாவது வாரத்தில் ஒருநாள் விடியும்வரை உறங்கினான். இன்றும் வெடிச்சத்தத்துக்குக் கை நடுங்குகிறது, ஆனால் கட்டிலுக்குக் கீழே போவதில்லை.

இது ஜேர்மனியின் கொன்ஸ்ரன்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மகி ஷாவர், ஃபிராங்க் நொய்னர், தோமஸ் எல்பேர்ட் ஆகியோர் போரில் அகப்பட்ட மக்களுக்கென்றே வகுத்த எடுத்துரைப்புச் சிகிச்சை என்னும் முறை. உகண்டாவின் அகதிக் குடியிருப்பொன்றில் சூடான் நாட்டவர் 43 பேரிடம் இதைப் பரிசோதித்து 2004இல் வெளியிட்டார்கள். ஓராண்டின் பின் இச்சிகிச்சை பெற்றவர்களில் 29 வீதமானோரிடம் மாத்திரமே நோய் எஞ்சியிருக்க, பொதுவான ஆற்றுப்படுத்தல் பெற்றவர்களில் 79 வீதமானோரிடம் அது அப்படியே இருந்தது. 2013இல் உலக சுகாதார நிறுவனமும் மனவடுவை நேரே எதிர்கொள்ளும் உளச்சிகிச்சைகளையும் கண்களை அசைத்தபடி நினைவுகளை எதிர்கொள்ள வைக்கும் கண்ணசைவுச் சிகிச்சையையும் (EMDR) இந்நோய்க்குப் பரிந்துரைத்தது.

உகண்டா வரை போவானேன்? 2004 டிசம்பர் ஆழிப்பேரலை வழித்துவிட்டுப் போன எங்கள் வடகிழக்குக் கரையிலேயே, 2005இல் புதிதாக அமைந்த முகாமொன்றில் 31 பிள்ளைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு இந்த எடுத்துரைப்புச் சிகிச்சையையும் மற்றப் பிரிவினருக்குத் தியானத்தோடு கூடிய தளர்வுப் பயிற்சியையும் ஆறாறு அமர்வுகள் கொடுத்தார்கள். கொடுத்தவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள். ஆறு மாதங்களின் பின் முதற்பிரிவில் 81 வீதமான பிள்ளைகளும் இரண்டாம் பிரிவில் 71 வீதமானோரும் தேறியிருந்தார்கள். சிகிச்சை பெறாத பிள்ளைகளின் பிரிவொன்று அந்த ஆய்வில் இல்லை, தொகையும் சிறியது. ஆகவே அதைக்கொண்டு அறுதியாக எதையும் சொல்லக்கூடாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் இந்த ஆய்வு 2009இலேயே வெளியாகியும், நான் பார்த்தவரையில் தங்கள் பக்கங்களில் ஒரு வரிகூட அதைப்பற்றி வரவில்லை. அமெரிக்காவில் ஒரு மருந்து மறுக்கப்பட்டது மாத்திரம் அரைப்பக்கம் வருகிறது.

2005 ஜனவரியில் நான் ஆசிரிய ஆலோசகராக இருந்த பாடசாலைக்கு வெளியூர்க் குழுவொன்று வந்தது. ஒரே நாளில், ஒரே மண்டபத்தில், அறுபது பிள்ளைகளை வட்டமாக இருத்தி, அலை வந்த கதையை ஒவ்வொருவராகச் சொல்ல வைத்துவிட்டு மாலை வாகனத்தில் ஏறிப் போய்விட்டார்கள். அன்றிரவு பிள்ளைகள் அலறியது எங்களுக்குத்தான் தெரியும். இவ்வாறான ஒருநாள் அமர்வுகள் நோயைத் தடுப்பதில்லை என்றும் சிலரில் அதைக் கூட்டவும் கூடும் என்றும், தொகுத்துப் பார்த்த ஆய்வொன்று 2002இலேயே சொல்லியிருந்தது. ஒரு நாளிதழோ அந்த மண்டபத்துப் படத்தை முன்பக்கத்தில் போட்டுப் பாராட்டியிருந்தது. அதில் அழுதுகொண்டிருந்த பிள்ளையின் முகத்தை மறைக்கவேண்டும் என்றுகூட அவர்களுக்குத் தோன்றவில்லை.

கணக்கெடுப்புக்கு வந்தவர்களைப் பற்றியும் சொல்லவேண்டும். 2009இல் போர் முடிந்த சில மாதங்களில் யாழ். மாவட்டத்தில் எடுத்த ஆய்வொன்று, 7 வீதமானோருக்கு மனவடு நோயும் 22 வீதமானோருக்கு மனச்சோர்வும் 32 வீதத்துக்கு மேற்பட்டோருக்குப் பதகளிப்பும் (ஓயாத பதற்றம்) இருப்பதாகக் கண்டு, 2011இல் அமெரிக்க மருத்துவ ஏடொன்றில் வெளியாயிற்று. அத்தகைய ஆய்வுகள் தேவை என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அந்த ஆண்டுகளில் எங்கள் ஒழுங்கையிலும் வெவ்வேறு படிவங்களோடு பலர் வந்தார்கள். “இரவில் பயங்கரக் கனவு வருகிறதா, ஒருபோதுமில்லை, சிலவேளை, அடிக்கடி” என்று கேட்டு அடையாளமிட்டுப் போனவர்களில் ஒருவரும் திரும்பி வந்து, உங்களுக்கு இருப்பது இது, இதற்கு இன்ன இடத்தில் இன்ன சிகிச்சை உண்டு என்று சொல்லவில்லை. அந்த இடைவெளியை நிரப்பவேண்டியது எங்கள் மொழியில் வரும் பத்திரிகை என்று நம்பியிருந்தேன்.

சிகிச்சை அனைவருக்கும் பலிப்பதில்லை. தொடங்கிவிட்டு இடையில் நிறுத்துபவர்களும் உண்டு. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையைத் தேடும் தாய்க்கு, நடந்து முடிந்தது என்று எதை எழுதி வாசிப்பது என்பதற்கு என்னிடம் விடையில்லை. அவற்றை எழுதுங்கள், வாசிக்கக் காத்திருக்கிறேன். ஆனால் ஒன்றும் இல்லை என்று எழுதாதீர்கள், ஐயா. கிளினிக் வாசல்வரை வந்து, யாராவது பார்த்துவிடுவார்கள் என்று திரும்பிப் போகின்றவர்கள் எங்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த ஒரு வாக்கியம் போதும்.

நான் கேட்பது இரண்டே. அந்த வாக்கியத்துக்கு அதே மருத்துவப் பக்கத்தில் ஒரு திருத்தம் வேண்டும். கோயில் உற்சவ அறிவித்தல்களும் மரண அறிவித்தல்களும் வரும் பக்கத்தின் ஓரத்தில், மாவட்ட வைத்தியசாலைகளின் உளநல கிளினிக் நாட்களை வாரம் ஒருமுறை, நான்கு வரிகளில் போடவேண்டும். பணம் கட்டவேண்டுமாயின் என் ஓய்வூதியத்திலிருந்து கட்டுகிறேன்.

தம்பியின் அடுத்த கிளினிக் வருகிற வியாழன். திருத்தம் அதற்கு முன்னர் வருமாயின், அதையும் கத்தரித்து அந்தக் கொப்பிக்குள் வைப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
வடமராட்சி.