படகுக்கு இயந்திரம் மாற்றித் தருவோருக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூரில் சிறு உல்லாசப் படகுகளுக்குப் புதிய இயந்திரம் பொருத்தித் தரும் பணிமனைகளை நடத்துவோருக்கு,

வணக்கம். 20 அடி நீளமுள்ள என் படகில் முதலில் இருந்தது 135 குதிரைத்திறன் கொண்ட, நான்கு சிலிண்டர், 3.0 லிட்டர் மெர்க்ரூசர் இயந்திரம். பின்புறம், இயந்திரத்தின் சுழற்சியைப் புரொப்பெல்லருக்கு (உந்துவிசிறிக்கு) கடத்தும் ஆல்ஃபா ஒன் டிரைவ். இயந்திரத்தின் ஆயுள் முடிந்ததும், உங்கள் தொழிலைச் சேர்ந்த ஒரு பணிமனை, பழைய டிரைவை அப்படியே விட்டுவிட்டு, 250 குதிரைத்திறன் கொண்ட 5.7 லிட்டர், எட்டு சிலிண்டர் இயந்திரத்தைப் பொருத்தித் தந்தது. சில மாதங்கள் கழித்து, செயிண்ட் ஜான்ஸ் தீவுக்கும் குசுத் தீவுக்கும் இடையே, பெரிய கப்பல்கள் போகும் வழியைப் பார்த்தபடி என் படகு உந்துவிசை இழந்து நின்றது. இயந்திரம் குறையின்றி ஓடிக்கொண்டிருந்தது. டிரைவுக்குள்தான் பல்சக்கரப் பற்கள் முறிந்திருந்தன. நங்கூரம் பிடித்ததால் தப்பினோம்.

"ஆல்ஃபா ஒன் 300 வரை தாங்கும், நாங்கள் போட்டது 250தானே" என்பது பணிமனை சொன்ன பதில். அந்த டிரைவ் 300 குதிரைத்திறன் இயந்திரங்களுடனும் விற்கப்பட்டது உண்மைதான். ஆனால் எந்தப் பல்சக்கர விகிதத்தோடு (புரொப்பெல்லர் ஒருமுறை சுழல இயந்திரம் எத்தனை முறை சுழல வேண்டும் என்ற கணக்கு) விற்கப்பட்டது என்பதை அந்தப் பதில் விழுங்கிவிடுகிறது.

டிரைவை முறிப்பது குதிரைத்திறன் அன்று, முறுக்குவிசை. 135 குதிரைத்திறனை நிமிடத்துக்கு 4600 சுழற்சியில் தரும் இயந்திரம் சுமார் 209 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையைத் தருகிறது. அதே சுழற்சியில் 250 குதிரைத்திறன் என்றால் 387. நான்கு சிலிண்டர் இயந்திரத்துக்கு உற்பத்தியாளர் தந்த விகிதம் 1.94, எட்டு சிலிண்டருக்குத் தந்தது 1.47. என் டிரைவில் பழைய 1.94 அப்படியே இருந்ததால், வேகத்தைக் கூட்டும் த்ராட்டிலின் முழுத் திறப்பில் புரொப்பெல்லர் தண்டுக்கு 405 போக வேண்டிய இடத்தில் 750 போனது. 1.47 விகிதத்தில் அதே இயந்திரம் 569 மட்டுமே தந்திருக்கும். விகித வேறுபாடு டிரைவின் மேல்பெட்டியிலுள்ள பல்சக்கர இணையில் இருக்கிறது. ஆகவே மேல்பெட்டியை மாற்றி, அதற்கேற்ற பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேறக்கூடிய தூரம்) உள்ள புரொப்பெல்லரைப் போட்டிருந்தாலே கூடுதல் சுமையில் பாதியளவு குறைந்திருக்கும்.

பெரிய இயந்திரமே குற்றவாளி என்று நான் சொல்லவில்லை. ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குத் தேவையான திறனைத் தீர்மானிப்பது படகின் உடலும் அதன் எடையும். நிதானமாக ஓட்டும்போது பெரிய இயந்திரமும் ஏறக்குறைய அந்த அளவையே டிரைவுக்கு அனுப்பும். எஞ்சிய வலு வெளிவருவது, நின்ற இடத்திலிருந்து படகை நீர்மேல் சறுக்கும் வேகத்துக்கு எழுப்பும்போதும், பிற படகுகள் கிளப்பும் அலைமேல் துள்ளி நீரை விட்டு வெளியே சுழன்ற புரொப்பெல்லர் திடீரென்று மீண்டும் நீரைக் கவ்வும்போதும்தான். த்ராட்டிலுக்கு ஒரு தடை வைத்து வலுவை மட்டுப்படுத்தலாம் என்பதை வாடிக்கையாளரிடம் சொல்லக்கூடாத இரகசியமாக ஏன் வைத்திருக்கிறீர்கள்? (நூறு கிலோ அளவுக்குக் கூடுதல் எடை பின்புறம் ஏறுவதையும் எனக்கு யாரும் சொல்லவில்லை.)

புரொப்பெல்லரைப் பற்றி இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். பிட்ச் ஓர் அங்குலம் கூடினால் முழுத் திறப்புச் சுழற்சி ஏறத்தாழ 150 முதல் 200 வரை குறையும். உற்பத்தியாளர் குறித்த சுழற்சி எல்லையை எட்டாமல் இயந்திரம் மூச்சுத் திணறினால், சுமை டிரைவிலும் சிலிண்டரிலும் உட்காருகிறது. நம் வெதுவெதுப்பான கடலில் கொட்டலசு விரைந்து ஒட்டிக்கொள்வதால், கழுவித் துடைத்த உடலோடும் இருவரோடும் ஓட்டிப் பார்த்துத் தேர்ந்த பிட்ச், மூன்றே மாதத்தில் பொருந்தாமல் போகிறது. சோதனை ஓட்டத்தை எரிபொருள் தொட்டி நிரம்பிய நிலையில், வழக்கமான பயணிகளோடு செய்ய வேண்டும்.

இயந்திரமும் டிரைவும் ஒரே நேர்கோட்டில் பொருந்தும் அச்சு நேர்மை வேறொரு கதை. டிரைவின் தண்டைத் தாங்கும் கிம்பல் பேரிங் வழியாக நேர்படுத்தும் கம்பியைச் செலுத்திப் பார்க்காமல் டிரைவை மூட்டினால், அந்தத் தண்டை இயந்திரத்தோடு இணைக்கும் கப்ளரின் பற்கள் சீக்கிரமே தேய்ந்துவிடும்.

இந்த அக்கறை நாளை இன்னும் பெரிதாகும். 2030 முதல் புதிய துறைமுகப் படகுகள் மின்சாரத்திலோ, தூய உயிரி எரிபொருளிலோ, நிகர சுழியக் கரிம உமிழ்வுக்குரிய பிற எரிபொருள்களிலோ ஓடக்கூடியவையாக இருக்க வேண்டும் என்று கடல்துறை, துறைமுக ஆணையம் அறிவித்துள்ளது. உல்லாசப் படகுக்காரர்களும் மின்மோட்டாரை எண்ணிப் பார்க்கத் தொடங்கினால், தொடக்கச் சுழற்சியிலேயே முழு முறுக்குவிசை தரும் மோட்டாரைப் பழைய டிரைவில் இணைத்துத் தரக் கேட்பார்கள். முறுக்குவிசையைப் படிப்படியாக ஏற்றும்படி கட்டுப்பாட்டுக் கருவியை அமைப்பதும் அப்போது உங்கள் பொறுப்பே.

ஆகவே இயந்திரம் மாற்றும் விலைக்குறிப்பில் குதிரைத்திறனையும் வெள்ளியையும் மட்டும் எழுதாமல், டிரைவின் மாடல், அதன் விகிதம், இந்த இணைப்புக்கு உற்பத்தியாளரின் ஏற்பு உண்டா இல்லையா, முழுச் சுமையோடு எட்டிய சுழற்சி ஆகியவற்றையும் எழுதிக் கையெழுத்திட வேண்டுகிறேன். முதல் 20 மணி நேரத்துக்குப் பின் கியர் எண்ணெயை வடித்து, வடிகால் திருகில் இரும்புத் தூள் ஒட்டியிருக்கிறதா என்று வாடிக்கையாளரின் முன்னிலையில் காட்டுங்கள். இவற்றையெல்லாம் குறிக்கும் படிவத்தை வரைந்து தர நான் ஆயத்தமாக இருக்கிறேன். சோதனை ஓட்டத்துக்கு அழைத்தால், தொட்டியை நிரப்பிக்கொண்டு, குடும்பத்தோடு வருகிறேன்.

இப்படிக்கு,
படகு உரிமையாளர் ஒருவர்