வாழைமர பார்டரைத் திருப்பித் தந்தவர்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம்.

பினாங்கு பட்டர்வொர்த்தில் எங்கள் அச்சகத்துக்கு வந்து போகிறவர்களுக்கு, மூலையில் துணி போர்த்திக் கிடந்த அந்தக் கறுப்பு லேப்டாப்பைத் தெரியும். 2008இல் விண்டோஸ் எக்ஸ்பியோடு வாங்கியது. காலமான என் அண்ணன் கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து அழைப்பு, கோயில் நோட்டீஸ் எல்லாவற்றையும் அதில்தான் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் கோத்தார். ஓரத்தில் வரும் வாழைமர பார்டர் அவர் கையால் வரைந்து ஸ்கேன் செய்தது.

போன மாதம் ஓர் அம்மா வந்தார். 2011இல் மூத்த மகளுக்கு அடித்த பத்திரிகை ஒன்றைக் கையில் வைத்திருந்தார். "இளையவளுக்கும் இதே மாதிரிதான் வேணும். பேரையும் தேதியையும் மட்டும் மாத்துங்க."

சரி என்று சொல்லிவிட்டேன். அப்புறம்தான் வயிற்றைக் கலக்கியது. ஏனென்றால் சில வருடங்களுக்கு முன்பு, யாரோ சொன்னார்கள் என்று அந்த லேப்டாப்பில் 64-பிட் விண்டோஸ் 10 போட வைத்தது நான்தான். அண்ணனின் வேலைகள் 'டி' டிரைவில் இருந்ததால் பிழைத்தன. ஆனால் ஃபைலைத் திறந்தால் மணமகன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கொம்பும் கொக்கியும் முளைத்த ஆங்கில எழுத்துகள். யூனிகோடு என்ற பொது எழுத்து முறைக்கு முந்தைய தமிழ் எழுத்துரு அது. அதைப் போடும் மென்பொருளின் இன்ஸ்டாலர் 16-பிட் என்ற மிகப் பழைய வகை. 64-பிட் விண்டோஸ் அதை ஓட்டவே ஓட்டாது. கேட்ட இடத்தில் எல்லாம் "தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குங்க" என்றார்கள். புதுசு வாங்கினால் வாழைமரம் வருமா?

"உள்ளே என்ன இருக்கு?" என்று முதலில் கேட்டவர், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எங்கள் தெரு அண்ணன். பழைய எக்ஸ்பியையே திரும்பப் போட்டால் அந்த மென்பொருள் ஓடும் என்றார். 'டி' டிரைவை முழுக்க வெளியில் பிரதி எடுத்த பிறகுதான் எக்ஸ்பி சிடியையே உள்ளே விட்டார். கொஞ்ச நேரத்தில் நீலத் திரை, கடைசியில் 7பி என்ற எண். எக்ஸ்பிக்கு ஹார்ட் டிஸ்க்கே கண்ணில் படவில்லை என்று அர்த்தமாம். பயாஸில், அதாவது கணினி எழும்போதே ஓடும் அடிப்படை அமைப்பில், ஹார்ட் டிஸ்க்கோடு பேசும் சாட்டா முறை 'ஏஎச்சிஐ' என்ற புது வகையில் இருந்தது. எக்ஸ்பி சிடியில் அதற்கான டிரைவர் (அதை இயக்கும் சிறு மென்பொருள்) கிடையாது. எஃப்6 விசையைத் தட்டி டிரைவர் கொடுக்கலாம், ஆனால் அதை பிளாப்பியில்தான் கேட்கிறது. எங்கள் கடையில் பிளாப்பிகள் இருக்கின்றன, டீ டம்ளருக்கு அடியில் வைக்க. தெரு அண்ணன் பயாஸில் 'ஐடிஇ' என்ற பழைய முறைக்கு மாற்றினார். நள்ளிரவுக்குள் எக்ஸ்பி ஏறிவிட்டது. லேப்டாப்புக்கு அடியில் ஒட்டியிருந்த உரிம எண் பாதி அழிந்திருந்தது. டார்ச் அடித்து, படம் எடுத்துப் பெரிதாக்கி, எழுத்தெழுத்தாகப் படித்தவள் என் மகள்.

மறுநாள் காலையில் பார்த்தால் மறுபடியும் நீலத் திரை. தெரு அண்ணன் மறுபடி மாற்றினார், ஓடியது. அடுத்த நாள் மறுபடியும் அதே கதை. மூன்றாம் நாள் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு பினாங்குத் தீவுக்கு ஃபெரி ஏறினேன். கொம்தார் கோபுரத்துக்குப் பக்கத்தில் பழைய சாமான் ரிப்பேர் பார்க்கும் சீன அங்கிள் ஒருவர். நான் என் மலாயில் கதை முழுவதும் சொல்லி முடிக்கும் வரை அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பயாஸில் தேதி 2008 ஜனவரி 1 என்று இருந்ததை விரலால் தட்டிக் காட்டினார். அவ்வளவுதான் விஷயம். உள்ளே இருக்கும் 3 வோல்ட் வட்ட பேட்டரி செத்துப்போயிருந்தது. லேப்டாப்பின் பெரிய பேட்டரியும் எப்போதோ போய்விட்டதால், இரவில் வயரைப் பிடுங்கும் ஒவ்வொரு முறையும் பயாஸ் எல்லாவற்றையும் மறந்து ஏஎச்சிஐக்கே திரும்பியிருக்கிறது. புது சிஆர்2032 பேட்டரி போட்டார், தேதியைச் சரி செய்தார், காசை வாங்க மறுத்தார். அங்கிள், முறுக்கு டின்னையாவது திருப்பித் தராமல் இருந்ததற்கு நன்றி.

டிரைவர்களை வேறு கணினியில் இறக்கித் தந்த தமிழ்ப்பள்ளி ஆசிரியைக்கும் நன்றி. அவர் கொண்டுவந்த பென்டிரைவை எக்ஸ்பி முதலில் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. எக்ஸ்ஃபேட் என்ற புதுக் கோப்பு முறையில் இருந்ததை எக்ஸ்பி படிக்கும் ஃபேட்32 ஆக மாற்றிக்கொண்டு, பள்ளி முடிந்ததும் இரண்டாம் முறையும் வந்தார். "இதை இன்டர்நெட்டில் மட்டும் விடாதீங்க அண்ணே" என்று கண்டிப்பாகச் சொன்னவரும் அவர்தான். 2014 ஏப்ரலோடு எக்ஸ்பிக்குப் பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. வைஃபையை அணைத்தே வைத்திருக்கிறேன், டீச்சர்.

பத்திரிகை 300 அடித்துக் கொடுத்தாயிற்று. தெரு அண்ணனே, மூன்று ராத்திரி உங்களைத் தூங்கவிடாததற்கு அண்ணி என்னை மன்னிக்க வேண்டும்.

இப்போது அண்ணனின் ஃபைல்களை ஒவ்வொன்றாகத் திறந்து பிடிஎஃப் ஆக்கி வருகிறேன். எங்களிடம் பத்திரிகை அடித்தவர்கள் யாருக்காவது பழைய பிரதி வேண்டுமென்றால் சனிக்கிழமை மதியத்துக்கு மேல் வாருங்கள். லேப்டாப்பைப் போர்த்தியிருந்த துணியை எடுத்துவிட்டேன்.

அன்புடன்,
அச்சகத்துத் தம்பி