மாடிப்படிக்கு அடியில் டிபி பாக்ஸ் வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

சேலத்தில் இப்போது கட்டுகிற பல வீடுகளில் மாடிப்படிக்கு அடியில்தான் டிபி பாக்ஸ் (வீட்டுக்கு வரும் கரண்டைப் பல வயர்களுக்குப் பிரித்துவிடும் சுவிட்சுப் பெட்டி) மாட்டுகிறார்கள். அதே மூலையில் இன்வெர்ட்டர், பழைய பேப்பர் கட்டு, ராத்திரியெல்லாம் சார்ஜ் ஏறும் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர். அங்கே தீப்பிடித்தால் மாடியில் தூங்குகிறவர்கள் எந்த வழியாக இறங்குவார்கள்? ஃபேர்லேண்ட்ஸ், அஸ்தம்பட்டி பக்கம் இன்னொன்றும் நடக்கிறது. பாக்ஸ் அழகைக் கெடுக்கிறதாம். பிளைவுட் கதவு போட்டு மூடிவிடுகிறார்கள். வயரிங் வேலை செய்கிற எனக்கு இதைப் பார்த்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

'எம்.சி.பி. இருக்கிறதே, தானாக விழுந்துவிடும்' என்பார்கள். எம்.சி.பி. என்பது பாக்ஸுக்குள் தானாக அணையும் சுவிட்ச். ஓவர்லோடுக்கும் ஷார்ட் சர்க்யூட்டுக்கும்தான் அது விழும். ஆர்.சி.சி.பி. என்கிற இன்னொரு சுவிட்ச் மின்கசிவுக்கு விழும். வயரைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூ லூசாக இருப்பது இரண்டுக்குமே தெரியாது. அங்கே கரண்ட் கூடுவதும் இல்லை, கசிவதும் இல்லை. சூடு மட்டும் ஏறுகிறது. கீசரோ ஏசியோ 10 ஆம்பியர் இழுக்கும்போது அந்த முனையில் 5 வோல்ட் வீணானால் 50 வாட் வெப்பம். ஒரு சால்டரிங் அயர்னைப் பாக்ஸுக்குள் போட்டுவைத்த மாதிரிதான்.

பாக்ஸைத் திறந்தால் நான் அடிக்கடி பார்ப்பது இதுதான்: தடிமனான வயர் எம்.சி.பி. ஓட்டைக்குள் போகவில்லையென்று நாலைந்து இழையை வெட்டிவிட்டு மீதியைத் திணித்திருப்பார்கள். நியூட்ரல் வயர்களைச் சேர்க்கும் உலோகப் பட்டையான நியூட்ரல் பாரில் ஒரே ஸ்க்ரூவுக்கு மூன்று வயர். அதன் பக்கத்தில் வயர் தோல் பழுப்பேறி, தொட்டால் உதிரும். ஏற்காட்டு வீடுகளில் பனிக்கும் ஈரத்துக்கும் செம்பில் பச்சைக் களிம்பு வேறு.

பிரிட்டனில் வீட்டு பாக்ஸ்களில் தீ விபத்துகள் பெருகியதால் வயரிங் விதியையே திருத்தினார்கள். 2016 ஜனவரி 1 முதல் அங்கே வீடுகளில் புதிதாக மாட்டும் பாக்ஸின் கூடு எரியாத பொருளில் இருக்க வேண்டும். இல்லையென்றால் எரியாத இன்னொரு கூட்டுக்குள் வைக்க வேண்டும். நம் செவ்வாய்ப்பேட்டைக் கடைகளில் இரும்பு பாக்ஸுக்குப் பஞ்சமில்லை. அதை வாங்கிவிட்டு, வயர் நுழையத் தட்டிய ஓட்டைகளைத் திறந்தே விட்டால் என்ன பயன்? உள்ளே பற்றும் தீ அந்த வழியாகத்தானே வெளியே வரும்? வயர் போகும் ஓட்டைக்கு ரப்பர் வளையம், காலி இடங்களுக்கு மூடி, இரும்புக் கூட்டுக்குத் தனியாக எர்த். இதெல்லாம் சில நூறு ரூபாய்ச் செலவு.

வீட்டுக்காரர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தாலோ, கீசர் போடும்போது லைட் மினுக்கினாலோ மெயினை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். நீங்களே பாக்ஸைத் திறக்காதீர்கள். என்னோடு தொழில் செய்கிறவர்களுக்கு: இழையை வெட்டாமல் வயர் நுனிக்கு லக் (உலோக முனை) போடுங்கள், வேலை முடிந்ததும் ஒவ்வொரு ஸ்க்ரூவையும் இன்னொரு முறை முடுக்கிப் பாருங்கள். புது இணைப்புக்குக் கொடுக்கும் வயரிங் அறிக்கையில் பாக்ஸ் எங்கே இருக்கிறது, எதனால் ஆனது என்பதையும் மின்வாரியம் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓர் எலெக்ட்ரீஷியன்,
அம்மாப்பேட்டை, சேலம்.